கோடு மிதித்த கால்

பெரகல
8.2.1981

அன்புத் தங்கச்சி ஹம்ஸியாவுக்கு ராத்தா ஸுபைதாவின் ஸலாம்.

அல்லாஹ்வின் காவலில் இங்கே எல்லோரும் சுகம். உன் மச்சான் மர்ஸூக்கின் வயிறு மட்டும் கொஞ்சம் கூடுதல் சுகம். கடை மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இனி அவர் ஓரமாகத் திரும்பித்தான் போகவேண்டும். நீ குவைத்தில் போய் இறங்கிய தந்தி கிடைத்தது. தந்திக்காரன் வந்ததும் யாரோ மௌத்து என்று நினைத்து நான் குசினிக்குள் ஓடிப் போனேன். இனி நல்ல செய்திக்குத் தந்தி அடிக்காதே.

ஜெனீரா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் வந்து, "பெரியும்மா, இருவத்திநாலு மாசம் என்டா எத்தன ஞாயித்துக்கிழம?" என்று கேட்டாள். ரெண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்ன என்னிடம் கேட்கிற கேள்வியா இது? "ஒங்கும்மா வார அன்டைக்கு எண்ணி முடிப்போம்" என்றேன். ஏழு வயதுப் பிள்ளை, ஒரு வாத்தியாரைப் போல என்னை முறைத்தாள்.

இப்போது கடைக்குப் பின்னால் லீலாவோடு, கட்டம் கீறி ஒற்றைக் காலில் கெந்திக் கெந்திச் சில்லுக்கோடுதான். லீலாவைத் தெரியும்தானே, மேலே தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருக்கிற வடிவம்மாவின் மகள். நேற்று இரண்டு பேரும் கடைசி ஆட்டத்துக்கு வந்தார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை. நீயும் அப்படித்தான் புறங்காலில் சில்லை வைத்து, முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, கட்டத்துக்குக் கட்டம் "சரியா ராத்தா?" என்று கேட்டுக்கேட்டு நடப்பாய். கோட்டைப் பார்த்துச் சொல்லவேண்டியது நான். நீ மிதித்திருந்தாலும் "சரி, சரி" என்று எட்டுக் கட்டமும் நடக்க விட்டு, கடைசியில் "மொதக் கட்டத்துலயே அவுட்டுடி!" என்று கை தட்டுவேன். நீ நிலத்தில் உருண்டு அழுவாய். அந்த அழுகையை இப்போது யாரும் அழுவதில்லை. அதற்கு ஒரு கெட்டித்தனம் வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் ராத்தா


குவைத்
12.3.1981

அன்புள்ள ராத்தாவுக்கும் மச்சானுக்கும் ஸலாம். நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

வீடு பெரியது. துடைத்து முடியும்போது துடைக்கத் தொடங்கிய அறையில் மறுபடி தூசி. மெடம் சின்னப் பிள்ளை, பத்தொன்பது வயது. கல்யாணம் செய்து ஒரு வருஷம் ஆகவில்லை. வீட்டுக்காரர் வேலைக்குப் போனால் அவவுக்குப் பேச ஆள் இல்லை. அதனால் பகலில் என்னை உட்காரவைத்து டிவிப் பெட்டியில் விளையாடுகிறா. நம்புவீர்களா ராத்தா? பெட்டிக்குள் ஒரு குட்டி மனிதன் ஓடுவான். குழி வரும்போது கையில் இருக்கிற பொத்தானை அமுக்கினால் பாய்வான். அமுக்கப் பிந்தினால் விழுந்து சாவான். ஆனால் அவனுக்கு மூன்று உயிர். செத்தாலும் எழும்பி ஓடுவான். ஒரு தரம் அவ, ஒரு தரம் நான். நான் வெல்லப்போகிற மாதிரித் தெரிந்தால் அவ பெட்டியை அணைத்துவிடுவா. அதனால் நான் குழியைக் கண்டதும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுகிறேன். சம்பளத்துக்குள் தோற்கிற வேலையும் சேர்த்திதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ராத்தா, கடைக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டிலிருந்து பிள்ளைகள் பாய்வார்கள். மழைக்கு வழுக்கும். ஜெனீராவை அந்தப் பக்கம் விடாதீர்கள். எனக்கு அவள் மட்டும்தான் என்று உங்களுக்குத் தெரியும். அவளுடைய வாப்பா மௌத்தான அன்றைக்கு நீங்கள்தான் என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

ஹம்ஸியா


பெரகல
2.5.1981

குவைத்து ராணிக்கு ராத்தாவின் ஸலாம். இங்கே மழையும் காற்றும் சுகம், அதற்கு நடுவில் நாங்களும் சுகம்.

டிவிப் பெட்டியில் விளையாடவா உன்னைப் பிளேனில் ஏற்றி அனுப்பினோம்? இதை உன் மச்சானிடம் சொன்னேன். "நானும் போகவா?" என்கிறார். அவர் குழியைப் பாய்ந்தால் குழி நிரம்பிவிடும்.

மண்மேட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அது மண்மேடா, நீ ஏதோ ஹப்புத்தளை மலையைப் போலச் சொல்கிறாய். நீ பயந்தாங்கொள்ளி. கோழி கொத்த வந்தால் மரத்தில் ஏறுவாய், மரத்தில் ஏறினால் இறங்கப் பயந்து கத்துவாய். மகளையும் அப்படியே வளர்த்து என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். லீலா உச்சியிலிருந்து பாய்கிறாள். உன் மகள் பாதியில் நின்றுகொண்டு பாவாடையைச் சுருட்டிக்கொண்டிருக்கிறாள். நீ வருவதற்குள் நான் அவளைச் சரியாக்கித் தருகிறேன், பார்.

மற்றப்படி அவள் கெட்டிக்காரி. எட்டுக் கட்டமும் கோடு மிதிக்காமல் கெந்துகிறாள். இடது கால்தான் அவளுக்கு வசதி. சாப்பாடு மட்டும் கோழிக்குஞ்சு மாதிரி.

உன் ராத்தா


குவைத்
9.6.1981

அன்புள்ள ராத்தாவுக்கு ஸலாம். நான் சுகம். கை மட்டும் சோப்புத் தண்ணீரில் வெடித்திருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். மெடம் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டா. எனக்குத் தெரிந்த நாலு அரபுச் சொல்லில் கோழியையும் மரத்தையும் சொன்னேன். அவவும் சிரித்தா. ராத்தா, உங்கள் பகிடி கடல் தாண்டியும் வேலை செய்கிறது.

ஆனாலும் மேட்டில் விடவேண்டாம். நான் பயந்தாங்கொள்ளியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

அடுத்த கடிதத்தில் ஜெனீராவின் கையால் இரண்டு வரி எழுதவையுங்கள். பெயரை மட்டும் எழுதினாலும் போதும். அவள் 'ஜெ'யை எப்படி எழுதுகிறாள் என்று பார்க்கவேண்டும்.

ஹம்ஸியா


பெரகல
4.10.1981

அன்புத் தங்கச்சிக்கு ராத்தாவின் ஸலாம். எல்லோரும் சுகம். எல்லோரும் நல்ல சுகம்.

கடிதம் சுணங்கியதற்கு ஏசாதே. நீ போட்ட மூன்றும் கிடைத்தது. மழைக்குப் பெரகலச் சந்தியில் மண் சரிந்து பாதை மூடியிருந்தது. அதற்குப் பிறகு உன் மச்சானுக்குப் பல்வலி. பதுளைக்குப் போய்வரப் போய்வர நாள் போய்விட்டது. மூன்று பல் கழற்றிவிட்டார்கள். இப்போது அவர் "ஸுபைதா" என்று கூப்பிட்டால் பெயருக்குப் பதிலாகக் காற்றுத்தான் வருகிறது. பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் முக்கித் தின்கிறார். பார்த்தால் ஒரு வயதுப் பிள்ளை மாதிரி இருக்கிறார். அவருக்குத் தொட்டில் கட்டலாமா என்று யோசிக்கிறேன்.

ஜெனீரா சுகம். எட்டுக் கட்டமும் கெந்துகிறாள். எழுதச் சொன்னேன், நேரமில்லையாம். பெரிய ஆபீஸ் கிளாக்கர் அம்மா. அடுத்த முறை காதைப் பிடித்து எழுதவைக்கிறேன்.

பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. ஒன்றுக்கு உன் பெயர் வைத்திருக்கிறோம். அதுவும் எதைக் கண்டாலும் பயப்படுகிறது.

உன் ராத்தா


குவைத்
20.11.1981

அன்புள்ள ராத்தாவுக்கும் மச்சானுக்கும் ஸலாம். மச்சானின் பல் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நான்கு மாதம் கடிதம் இல்லாமல் நான் என்னவெல்லாமோ நினைத்தேன். ஒரு வாரம் மெடமோடு விளையாடும்போது என் குட்டி மனிதன் மூன்று உயிரையும் முதல் குழியிலேயே விட்டான். அது நான் வேண்டுமென்று தோற்றது இல்லை. உங்கள் கையெழுத்தைக் கண்ட பிறகுதான் சோறு இறங்கியது.

ஒரு காரியம். அடுத்த மாதம் மெடம் என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறா. ஜெனீராவுக்கு ஒரு சோடிச் சப்பாத்து வாங்கவேண்டும். இங்கே வேலை செய்கிற நம்ம நாட்டுப் பெண்கள் எல்லோரும் பிள்ளையின் காலைத் தாளில் வரைந்து எடுப்பித்து, அதை வெட்டிச் சப்பாத்துக்குள் வைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நீங்களும் அவளைத் தாளின் மேல் நேராக நிற்கவைத்து, பென்சிலைச் சரிக்காமல் இரண்டு காலையும் சுற்றி வரைந்து அனுப்புங்கள். கூச்சத்தில் நெளிவாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டால் நிற்பாள்.

அவள் எழுதின இரண்டு வரியையும் மறக்கவேண்டாம்.

ஹம்ஸியா


பெரகல
14.1.1982

அன்புத் தங்கச்சிக்கு ராத்தாவின் ஸலாம். நாங்கள் சுகம். குளிருக்கு உன் மச்சான் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு சாக்குமூட்டை மாதிரி கடையில் இருக்கிறார். நேற்று ஒரு லொறிக்காரர் அவரைத் தூக்கப் பார்த்தார்.

கேட்டபடி கால் வைத்திருக்கிறேன். இரண்டு காலும் இருக்கிறது, வலது இடது எழுதியும் இருக்கிறேன். கால் நன்றாக வளர்ந்துவிட்டது. நீ கண்டால் யாருடைய கால் என்று கேட்பாய். சப்பாத்துக்கு அவசரமில்லை. இந்தப் பிள்ளைகள் சப்பாத்தா போடுகிறார்கள்? கொஞ்சம் பொறுத்து நீ வரும்போதே கொண்டுவரலாம்.

எழுதச் சொன்னேன். பென்சில் முனை உடைந்துவிட்டது. உன் பெயர் வைத்த பூனைக்குட்டி இப்போது எலி பிடிக்கிறது. உன்னைவிடத் தைரியம் வந்துவிட்டது.

உன் ராத்தா


குவைத்
25.2.1982

ராத்தாவுக்கு ஸலாம்.

தாளைக் கத்தரிக்கோலால் வெட்டவில்லை. தரையில் விரித்து அதன் பக்கத்தில் என் காலை வைத்துப் பார்த்தேன். எனக்கும் உம்மாவுக்கும் உங்களுக்கும் ஜெனீராவுக்கும் கால் ஒரே மாதிரி. பெருவிரலை விட இரண்டாம் விரல் நீளம். அவள் பிறந்த அன்றைக்கு முதலில் காலைப் பார்த்து, "இதுவும் நம்மட வீட்டு விரல்தான், மாமியார்காரி ஏமாந்தா" என்று சொன்னது நீங்கள்தான்.

இந்தக் காலில் பெருவிரல்தான் நீளம். குதிகால் அகலம். சப்பாத்தே போடாமல் தோட்டத்து ரோட்டில் நடந்த கால். லீலாவின் கால் என்று நினைக்கிறேன்.

எனக்கு மச்சானின் பல் வேண்டாம். பூனை வேண்டாம். ஒரு வருஷமாக நான் மேலே பார்த்துக்கொண்டு அடி வைக்கிறேன் ராத்தா. கீழே பார்க்க எனக்குக் கண் இல்லை. உங்களிடம்தான் கேட்கவேண்டும்.

சரியா?

ஹம்ஸியா


பெரகல
19.3.1982

தங்கச்சி ஹம்ஸியாவுக்கு ராத்தா எழுதுவது. ஸலாம்.

சரியில்லை. கோடு மிதித்து ஒன்பது மாதமாகிவிட்டது.

ஜெனீரா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் படித்துக்கொள். கொஞ்சம் உட்கார்ந்து மற்றதைப் படி.

ஜூன் மாதம் பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை. மழை விட்டிருந்தது. பிள்ளைகள் மேட்டில் ஏறினார்கள். லீலா பாய்ந்தாள். ஜெனீரா உச்சிக்குப் போய் நின்றாள். நான் குசினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்து, "பெரியும்மா, எறங்கட்டா?" என்று கேட்டாள். இறங்கு என்று சொல்லியிருக்கலாம். நான் சிரித்தேன். "ஒங்கும்மாட மகள்தானே, எறங்குவாய். நீ பாஞ்சா ஒங்கும்மா கெதியா வருவா. எறங்கினா சுணங்கும்" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தாள்.

புல்லுக்குள் கடையிலிருந்து வீசின தகரம் கிடந்தது. இடது காலில் கணுவுக்குக் கீழே வெட்டியது. நான் கோப்பித்தூளை வைத்து அமர்த்திக் கட்டினேன். நம்ம வீட்டில் எந்தக் காயத்துக்கும் அதுதானே. "ஒன்டுமில்ல, உம்மா பொறப்பட்டுட்டா" என்று அப்போதும் சிரிக்கவைத்தேன். அவளும் சிரித்தாள். நாலாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் கட்டை அவிழ்த்தபோது பாதம் கறுத்து, முழங்கால்வரை வீங்கியிருந்தது. உன் மச்சான் லொறி பிடித்துப் பதுளைக்குக் கொண்டுபோனார். "சுணங்கி வந்திருக்கீங்க" என்றார் டாக்டர். காலா உயிரா என்று கேட்டார். தாயா என்று என்னைக் கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தைப் போடத்தான் நான் ரெண்டாம் வகுப்புவரை படித்தேன் போலிருக்கிறது.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஏழு கிழமை ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தாள். பல் கழற்றினது யாருக்கும் இல்லை.

உன்னிடம் சொன்னால் நீ அங்கேயிருந்து எப்படி வருவாய், பாஸ்போர்ட் அவர்கள் கையில், தனியாகத் தலையை முட்டிக்கொண்டு அழுவாய் என்று உன் மச்சானிடம் சொன்னேன். அது பாதிதான். மற்றப் பாதி, உனக்கு எழுத உட்கார்ந்தால் என் கை பகிடியைத்தான் எழுதியது. நடந்ததை எழுதாமல் பக்கத்தை நிரப்ப எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.

உன் தாளுக்கு லீலாவை நிறுத்தினேன். ஜெனீரா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ட வலது கால வரையுங்களே" என்றாள். அதை வரைந்து தாளைத் திருப்பினால் இடது காலும் கிடைத்திருக்கும், அந்த அளவு புத்தி எனக்கும் இருக்கிறது. அந்தக் காலடியில் பென்சிலோடு குனிய எனக்கு ஏலவில்லை. அன்றைக்கே அவள், "உம்மாக்குப் பொய்க்கால் அனுப்பினா நான் எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் உனக்கு இரண்டு வரி வரவில்லை.

நீ என்ன சொன்னாலும் அது எனக்குச் சேரும்.

ராத்தா


குவைத்
11.7.1982

ராத்தாவுக்கு ஸலாம்.

கடிதம் ஏப்ரலில் கிடைத்தது. இத்தனை நாள் எழுதவில்லை. எழுதத் தொடங்கிய ஆறு தாளைக் கிழித்தேன்.

கடிதம் கிடைத்த அன்றைக்கு மெடம் விளையாடக் கூப்பிட்டா. நான் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. அந்தக் குட்டி மனிதன் ஒவ்வொரு குழியாகப் பாய்ந்து பாய்ந்து போனான். எனக்கு ஒரு உயிரும் போகவில்லை. அவவுக்கு மூன்றும் போனது. அவ பெட்டியை அணைத்தா. நான் அப்படியே தரையில் இருந்து, பிள்ளைக்குக் கால் போய்விட்டது, ஊருக்கு அனுப்புங்கள் என்று அழுதேன். அவவும் அழுதா. வீட்டுக்காரரிடம் சொன்னா. ஜனவரிக்கு முன்னால் பாஸ்போர்ட் தரமுடியாது என்று அவர் சொல்லிவிட்டார். மறுநாள் அவ மறுபடி பெட்டியைப் போட்டு, "வா, வெளயாடுவோம்" என்றா. நான் போய் உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய.

இன்னும் ஆறு மாதம்.

உங்களைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தெரியாததை எழுத மாட்டேன். இனிமேல் கடிதத்தில் பகிடி வேண்டாம். நடந்ததை எழுதுங்கள்.

சப்பாத்து வாங்குகிறேன். இங்கே ஒற்றைச் சப்பாத்து விற்கமாட்டார்கள், சோடியாகத்தான் வாங்கவேண்டும். அவளுடைய காலை வரைந்து அனுப்புங்கள். இருக்கிற காலை.

ஹம்ஸியா


பெரகல
22.8.1982

தங்கச்சி ஹம்ஸியாவுக்கு ராத்தாவின் ஸலாம். உன் உடம்பு எப்படி என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

நடந்ததை எழுதுகிறேன்.

ஜெனீரா கக்கத்தில் தடி வைத்து நடக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு உன் மச்சான் தூக்கிக்கொண்டு போகிறார். காலையில் எழும்பும்போது சில நாள் மறந்து இறங்கப் பார்த்து விழுகிறாள். அழுவதில்லை. இல்லாத காலில் கடிக்கிறது என்கிறாள். நான் போர்வையைச் சொறிகிறேன்.

சில்லுக்கோடு இப்போதும் நடக்கிறது. அவள் கெந்துவதில்லை. படியில் உட்கார்ந்து கோடு பார்ப்பது அவளுக்கு வேலை. லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் அவளிடம்தான் "சரியா?" என்று கேட்கிறார்கள். ஒருவரையும் விடுகிறாள் இல்லை. நூல் அளவு பட்டாலும் கோடு என்றால் கோடுதான். லீலாவே இரண்டு முறை கோபித்துக்கொண்டு லயத்துக்கு ஏறிப் போய், மறுநாள் வந்தாள்.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனேன். "உம்மா கேட்டிருக்கா, கால் தா மகள்" என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "மொதல்ல நீங்க ஆடுங்க" என்றாள்.

"எனக்கு நாப்பத்தஞ்சு வயசு புள்ள" என்றேன்.

"ஆடுங்க. கடைசி ஆட்டம்."

லீலா சில்லைக் கொண்டுவந்து என் புறங்காலில் வைத்தாள். சீலையைத் தூக்கிச் செருகினேன். உன் மச்சான் கடையின் பின்கதவில் வந்து நின்றார். நான் முகத்தை மேலே தூக்கினேன். ஹப்புத்தளைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது, அதைத்தான் பார்த்தேன். ஓர் அடி வைத்தேன்.

"சரியா?"

"சரி."

"சரியா?"

"சரி."

நாலு கட்டம் அவள் "சரி" என்றாள். ஐந்தாவதில் கேட்டேன். மறுபடி கேட்டேன்.

"கோடு" என்றாள்.

"பெரியவங்கதானே புள்ள, விடேன்" என்றாள் லீலா.

"இல்ல. கோடு. வெளிய வாங்க பெரியும்மா."

நான் கீழே பார்த்தேன். மிதித்துத்தான் இருந்தேன்.

வெளியே வந்து அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. அவள் தடியைச் சுவரில் சாத்திவிட்டுக் காலை நீட்டினாள். "இப்ப வரைங்க" என்றாள்.

தாளை வைத்திருக்கிறேன். அடியில் இரண்டு வரி அவள் எழுதியது. நான் படிக்கவில்லை, படிக்கவேண்டாம் என்று சொன்னாள். காலை நீ பார்த்துக்கொள். இரண்டாம் விரலடியில் பென்சில் கொஞ்சம் கோணலாகப் போயிருக்கிறது. அவள் அசையவில்லை. என் கைதான்.

ராத்தா